மூத்தவரின் முன் வெறுங்காலுடன்

இன்னும் எழுபத்தொரு மணி நேரம் இருந்தது. பூனை குளியலறைக் குழாயைத் திறப்பதற்கு முன் அதைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகுதான் உள்ளங்கையால் திருகினான். காலில் ரப்பர் செருப்பு இருந்தது.

ஐந்து வாரமாக இப்படித்தான். கதவுக் கைப்பிடி, பேருந்துக் கம்பி, வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுக்கும் இயந்திரம், எதுவானாலும் முதலில் புறங்கை. கடை முதலாளி ஒருநாள் கேட்டேவிட்டார்.

"என்னப்பா, மெஷினுக்குக் காய்ச்சல் இருக்கான்னு பாக்குறியா?"

பூனை சிரித்து மழுப்பினான்.

எழுபத்தொரு மணி நேரம் கழித்து, அவன் ஒரு குறிப்பிட்ட மைக்கின் முன்னால் நின்று, அதில் உதட்டைப் பதித்து, நூற்றைம்பது விருந்தினர் பார்க்கப் பதினோரு வினாடி அலற வேண்டும். அந்த மைக்கை நினைத்தாலே அவனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

பூனை என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. நடந்தால் சத்தம் வராது, கூப்பிட்டால் பதில் வராது, பக்கத்தில் யாராவது தும்மினால் அறையை விட்டே போய்விடுவான் என்பதால் அக்கா வைத்த பெயர். அப்படிப்பட்டவன் ஒரு மெட்டல் இசைக்குழுவில் பாடகன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் மெட்டலில் பாதி வேலை உறுமல்தான். உறுமுவதற்குத் தைரியம் வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு தொண்டைக்குள் முனகினால் மற்றதை ஸ்பீக்கர் பார்த்துக்கொள்ளும். அலறல் வேறு. அவன் வாழ்க்கையில் ஒருமுறைகூட அலறியதில்லை. பயந்தால் அவன் வாய் பூட்டிக்கொள்ளும். ஐந்து வாரத்துக்கு முன்புவரை.

குழுவின் பெயர் 'இரும்புப் பல்'. அக்கா பல் மருத்துவமனையில் உதவியாளர். பகலெல்லாம் பயந்துபோய் வாயை இறுக்கிக்கொள்பவர்களின் தாடையில் இரண்டு விரலை வைத்து, "மூக்கால மூச்சு விடுங்க, இப்ப ஆ சொல்லுங்க" என்று திறக்க வைப்பாள். சாயங்காலம் வந்து டிரம்ஸை வெளுத்து வாங்குவாள். அவள் கணவர், பூனைக்கு மாமா, பள்ளிக்கூடத்தில் புவியியல் ஆசிரியர். தோள் வரை வளர்ந்த முடியைச் சட்டைக் காலருக்குள் சொருகிக்கொண்டு பாடம் நடத்துபவர், வீட்டுக்கு வந்ததும் அதை அவிழ்த்துவிட்டு கிட்டாரை எடுப்பார். பேஸ் கிட்டார் வாசித்தவர் கல்யாணமாகிப் போனார். ஏன் திரும்பி வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

ஒன்பது வருடம் இந்த மூவரும் அக்கா வீட்டு வண்டி நிறுத்தும் கொட்டகையில் சத்தம் போட்டார்கள். பிறகு நிறுவனம் அவர்களைக் கூப்பிட்டது.

நிறுவனம் என்று சொன்னால் போதும். அந்த ஊரில் பாட்டு வெளியிட்டுக் கொடுக்க இருந்தது அது ஒன்றுதான். அங்கே ஒன்றாம் எண் ஸ்டுடியோ என்று ஓர் அறை, அறைக்கு நடுவில் ஒரு மைக். அதை யாரும் மைக் என்று சொல்வதில்லை. 'மூத்தவர்' என்பார்கள். வெல்வெட் உறை போட்டிருக்கும். உறையை எடுக்கும்போது எல்லோரும் எழுந்து நிற்பார்கள். நிறுவனத்தின் தலைவர் காலையில் வந்ததும் முதலில் விசாரிப்பது, "மூத்தவர் எப்படி இருக்கார்?"

மூத்தவரின் முன் பாட மூன்று விதிகள் உண்டு. செருப்போ ஷூவோ கூடாது, கிறீச்சிடும். தரையை அப்போதுதான் ஈரத் துணியால் துடைத்திருக்க வேண்டும், தூசி மூத்தவருக்கு ஆகாது. உதடு மைக்கில் படவேண்டும், தள்ளி நின்று பாடுவது அவமரியாதை.

ஐந்து வாரத்துக்கு முன்னால் பூனை அந்த ஈரச் சிமெண்டுத் தரையில் வெறுங்காலுடன் நின்றான். பாட்டின் பெயர் 'புதைகுழி'. முதல் மூன்று முறையும் விரலிடை தள்ளி நின்றே உறுமினான். ஸ்டுடியோவின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து தலைவரின் குரல் வந்தது.

"தம்பி, உதடு படல. மூத்தவர் கோவிச்சுக்குவார்."

பூனை இரண்டு கையாலும் மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உதட்டைப் பதித்தான்.

அடுத்த நான்கு வினாடியில் தனக்கு என்ன நடந்தது என்று அவன் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. வெளியே கேட்டதுதான் எல்லோருக்கும் தெரியும். ஒலிப்பதிவு செய்பவர், எல்லோரும் பட்டன் என்று கூப்பிடும் பெரியவர், கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். மூத்தவரைத் தொடாமல், சுவரோரம் இருந்த ஒரு சுவிட்சை அணைத்தார். பூனை ஈரத்தில் உட்கார்ந்தான். பட்டன் குனிந்து அவன் காதில் சொன்னார்.

"தம்பி, நான் எதையும் பாக்கல. நீங்களும் எதையும் உணரல. எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு."

அதற்குள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைதட்டல் கேட்டது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"முப்பத்தொன்பது வருஷமா இந்தச் சத்தத்துக்காகத்தான் காத்திருந்தேன்!"

மாமா அவனைத் தூக்கி நிறுத்திக் கட்டிக்கொண்டார். அக்கா அவன் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"டேய், இதை இத்தனை நாளா எங்கடா ஒளிச்சு வச்சிருந்த?"

பூனையின் பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன. அவளுக்கு அவன் சிரிப்பதாகத் தோன்றியது. சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் குரலை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தான்.

மறுநாள் நிறுவனம் வேலையைத் தொடங்கிவிட்டது.

முதலில் உணர்வுப் பிரிவு. அதன் மேலாளர் அழகாகப் பேசும் ஒரு பெண்மணி. எந்தக் கெட்ட சேதியையும் குழந்தைக்கு மருந்து கொடுப்பதுபோல் சொல்வார்.

"புதைகுழிங்கிற தலைப்பு கொஞ்சம் கீழ போகுதுங்க. நம்ம நேயர்கள் மேல போக ஆசைப்படறவங்க. அதனால 'புதுவழி'ன்னு வச்சிருக்கோம். கிட்டத்தட்ட அதே எழுத்துதான். உங்களுக்கும் வருத்தம் இருக்காது."

"அப்ப 'என் எலும்பை எண்ணிப் பார்'னு வரி வருதே?" என்றாள் அக்கா.

"'என் எண்ணத்தைக் கேட்டுப் பார்'னு மாத்தியாச்சு. சாவு பத்தி நாங்க எதிர்ப்பா ஒண்ணும் சொல்லல. சாவுல ஒரு நம்பிக்கை இருக்கணும், அவ்வளவுதான்."

அடுத்த வாரம் கிட்டார். மாமா ஆறு வருடம் மெனக்கெட்டு உண்டாக்கிய கரகரப்பைக் கோளாறு என்று நினைத்து யாரோ சுத்தம் செய்துவிட்டிருந்தார்கள். கேட்டால் ஆற்றங்கரையில் உட்கார்ந்து வாசித்ததுபோல் இருந்தது. அதற்கடுத்த வாரம் டிரம்ஸ். தலைவருக்கு மத்தியானம் தூக்கம் கலைகிறது என்று எடுத்துவிட்டார்கள்.

"அப்ப என்னதான் மிச்சம் இருக்கு?" என்று மாமா கேட்டார்.

"அலறல்!" என்றார் மேலாளர். "அலறல்ல நாங்க கையே வைக்கல. நாலு வினாடியைப் பதினொண்ணா நீட்டினோம். அவ்வளவுதான்."

வீடு திரும்பும் வழியில் அக்கா பல்லைக் கடித்தாள். "ஒன்பது வருஷம் அடிச்சு நொறுக்கி, கடைசில இவன் தொண்டைக்குப் பக்கவாத்தியம் ஆயிட்டோம். அதுவும் வாசிக்காத பக்கவாத்தியம்." பிறகு பூனையைத் திரும்பிப் பார்த்து அவன் தலையைக் கலைத்தாள். "போகட்டும்டா. நீயாவது மிச்சமிருக்கியே."

இதற்குப் பிறகு அவன் எப்படிச் சொல்வான்?

வெளியீட்டுக்கு முன்னோட்டமாக அலறலை மட்டும் வெளியிட்டார்கள். கேட்டவர்கள், "இது மனுஷன் போட்ட சத்தமே இல்ல, கம்ப்யூட்டர்" என்று எழுதினார்கள். தலைவர் கொதித்துப்போனார். மூத்தவரைச் சந்தேகப்படுவதாக எடுத்துக்கொண்டார். உடனே கூட்டம் கூட்டினார்.

"வெளியீட்டு நாள்ல நேரடியாக் காட்டுவோம். அதே ஸ்டுடியோ, அதே மூத்தவர், அதே ஈரத்தரை, அதே வெறுங்கால். பதினோரு வினாடி."

"நாலு வினாடிங்க," என்றான் பூனை. அவன் அந்தக் கூட்டங்களில் பேசிய முதல் வார்த்தை அது.

"நீட்டின பிறகு பதினொண்ணு," என்றார் மேலாளர் கனிவாக. "நேயர்கள் ஏமாறக்கூடாது இல்லையா? அப்புறம் ஒப்பந்தம் ஞாபகம் இருக்கட்டும். அலறல் கலைஞரோட சொந்தத் திறமைன்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இல்லைன்னு ஆச்சுன்னா பாட்டு வெளிவராது. ஏழு வருஷத்துக்கு 'இரும்புப் பல்'ங்கிற பேர்ல நீங்க மூணு பேரும் ஒரு தகரத்தைக்கூடத் தட்ட முடியாது."

பூனை மனசுக்குள் கணக்குப் போட்டான். நான்கு வினாடிக்கே உடம்பு அப்படி ஆனது. அது போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதன் பிறகு கணக்கு நகரவில்லை.

ஒத்திகைக்கு மூத்தவரைத் தரமாட்டார்கள், சாதாரண மைக்தான். பூனை வாயைத் திறந்தான். கதவிடுக்கில் பல்லி மாட்டிக்கொண்டதுபோல் ஒரு சத்தம் வந்தது. தலைவர் அதை மூன்று முறை போட்டுக் கேட்டார்.

"பயம் போதல," என்று தீர்ப்புச் சொன்னார். "இவருக்குப் பயப்படப் பயிற்சி குடுங்க."

பயப் பயிற்சியாளர் வந்தார். பொருட்காட்சியில் பேய்வீடு நடத்தி அனுபவப்பட்டவர். பூனையை ஒரு அறையில் உட்காரவைத்து அவன்மேல் நாயை ஏவினார். பூனை மூச்சுக்கூட விடவில்லை. நாய் குழம்பிப்போய் அவன் காலடியில் படுத்துக்கொண்டது. லிஃப்டை இரண்டு மாடிக்கு நடுவில் நிறுத்தி விளக்கை அணைத்தார். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து, ஆள் இல்லை என்று நினைத்து மறுபடி மூடினார். பயப்படப் பயப்படப் பூனை இன்னும் அமைதியானான். அறிக்கை வந்தது: பயம், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு, சத்தம், பூஜ்யம். அந்த இரண்டு மதிப்பெண் ஏன் குறைந்தது என்று பூனைக்குத் தெரியும். மூத்தவரை அங்கே கொண்டு வரவில்லை.

இப்படியாகத்தான் எழுபத்தொரு மணி நேரம் மிச்சமிருந்த அந்தக் காலை வந்தது. குளித்துவிட்டு அவன் நேரே அக்கா வீட்டுக்குப் போனான். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டான். அக்கா சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த மைக்கு..."

"வா வா. மாமா சேதி கேட்டியா? வெளியீட்டுக்கு ஹெட்மாஸ்டரும் வர்றாராம். அன்னிக்கு ஒருநாள் முடியைக் காலருக்கு வெளிய விட்டுக்கலாம்னு அனுமதி குடுத்திருக்கார்."

மாமா கண்ணாடி முன் நின்று முடியைச் சீவிக்கொண்டிருந்தார். "எல்லாம் உன்னாலதான் மாப்ள. பதினஞ்சு வருஷ சர்வீஸ்ல அந்த மனுஷன் என்னைப் பாத்துச் சிரிச்சது இதுதான் முதல் தடவை."

பூனை வாயைத் திறந்தான்.

"என்னடா உதடெல்லாம் வெளுத்துப்போயிருக்கு?" அக்கா கத்தியை வைத்துவிட்டு அவன் தாடையில் இரண்டு விரலை வைத்தாள். "மூக்கால மூச்சு விடு. ஆ சொல்லு."

"ஆ," என்றான் பூனை.

"அங்க ஒண்ணும் இல்ல. எல்லாம் பயம்தான்."

"அக்கா, செருப்புப் போட்டுக்கிட்டுப் பாடலாமா?"

மாமா சீப்பை வைத்துவிட்டுச் சிரித்தார். ஆனாலும் மச்சினன் முகத்தைப் பார்த்து, நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரிக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"செருப்பா?" அதிகாரி திடுக்கிட்டார். "ஈரத்தரையில செருப்புப் போட்டா வழுக்கிடும் சார். பாதுகாப்பு விஷயத்துல நாங்க சமரசமே பண்றதில்ல. முப்பத்தொன்பது வருஷமா இந்தக் கட்டடத்துல ஒரு விபத்துகூடப் பதிவாகல."

"ஒண்ணுகூடவா?" என்றார் மாமா, மரியாதையாக.

"விபத்துப் படிவம் இன்னும் அச்சாகி வரல சார்."

பூனை வீட்டுக்கு நடந்தே போனான். பேருந்தில் கம்பி இருக்கிறது.

வெளியீட்டு நாள் காலை ஒன்பது மணிக்கு ஒன்றாம் எண் ஸ்டுடியோவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டிருந்தார்கள். முதல் வரிசையில் ஹெட்மாஸ்டர். அவர் பக்கத்தில் மாமாவின் முடி தோளில் புரண்டது. வாசலில் பாதுகாப்பு அதிகாரி சோதனை போட்டார். மாமாவின் சட்டைப் பையிலிருந்த பென்சிலைப் பிடுங்கிக்கொண்டார், கூராக இருந்ததாம். அக்காவின் டிரம்ஸ் குச்சிகளுக்கு ரப்பர் மூடி மாட்டினார். பூனையின் ஷூவையும் காலுறையையும் வாங்கி, பெயரெழுதிய பையில் போட்டு வைத்தார்.

"இப்ப நீங்க முழுப் பாதுகாப்பா இருக்கீங்க," என்றார்.

ஒருவர் வந்து ஈரத் துணியால் தரையைத் துடைத்தார். விசேஷ நாள் என்பதால் இரண்டு முறை. சிமெண்டின் குழிகளில் தண்ணீர் தேங்கி விளக்கு மின்னியது. வெல்வெட் உறையை எடுத்தார்கள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். மூலையில், வாசிக்கப்போகாத டிரம்ஸுக்குப் பின்னால், அக்காவும் எழுந்து நின்றாள். புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும் என்று அவளை அங்கே உட்கார வைத்திருந்தார்கள்.

தலைவர் பேச வந்தார்.

"எங்க ஒலி ஏன் இவ்வளவு கதகதப்பா இருக்குன்னு எல்லாரும் கேக்கறாங்க. ரகசியம் ஒண்ணும் இல்ல. இந்த ஸ்டுடியோவைக் கட்டின நாள்லேர்ந்து ஒரு வயரைக்கூட நாங்க மாத்தினதில்ல. ஒரு திருகாணியைக்கூடத் தொட்டதில்ல. மாத்தணும்னு நடுவில மூணு இன்ஜினியர் சொன்னாங்க. நாங்க அந்த மூணு பேரையும் மாத்திட்டோம்."

கைதட்டல். பட்டன் தன் மேசைக்குப் பின்னால் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாடகர் பயப்படறார்னு சொன்னாங்க. கலைஞன் பயப்படணும். நிறுவனம் எதுக்கு இருக்கு? அதுக்குத்தான் இருக்கு."

மறுபடி கைதட்டல். சிவப்பு விளக்கு எரிந்தது.

பூனை மூத்தவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றான். பாதத்தில் ஈரம் சில்லென்று ஏறியது. மைக்கின் வலைக்கம்பியில் ஓரிடம் லேசாக மங்கியிருந்தது. முப்பத்தொன்பது வருட உதடுகள். அவனுக்கு வாயில் இரும்பு ருசி வந்தது. கையைத் தூக்கினான். புறங்கையால் தொடலாமா என்று யோசித்தான். அந்தக் கை பாதி வழியில் நின்றுவிட்டது. தாடை பூட்டிக்கொண்டது. ஒரு நிமிடம் போயிற்று. யாரோ இருமினார்கள்.

"உதடு, தம்பி," என்றது தலைவரின் குரல்.

இரண்டு நிமிடம். ஹெட்மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மாமா முடியை மெல்ல அள்ளிக் காலருக்குள் விடத் தொடங்கினார். கண்ணாடிக்குப் பின்னால் மேலாளர் தலைவரிடம் குனிந்து எதையோ சொல்வது தெரிந்தது. 'ஏழு வருஷம்' என்பதாக இருக்கலாம்.

அப்போது மூலையில் நாற்காலி நகர்ந்தது. அக்கா டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து வந்தாள். இடது ஷூவைக் கழற்றினாள், பிறகு வலது. காலுறைகளைச் சுருட்டி அதற்குள் வைத்தாள்.

"நான் கத்துறேன்," என்றாள் கண்ணாடியைப் பார்த்து. "எங்க குழு, எங்க பாட்டு. யார் தொண்டையா இருந்தா என்ன? நாள் பூரா அடுத்தவங்க அலறலைக் கேக்கற வேலைதான் எனக்கு. எப்படி அலறணும்னு நல்லாத் தெரியும்."

மேலாளரின் முகம் மலர்ந்தது. தலைவர் கையை உயர்த்தி ஆசி வழங்கினார்.

"தாராளமா. மூத்தவருக்கு ஆண், பெண் பேதமே கிடையாது. உதடு மட்டும் நல்லாப் படட்டும்மா."

அக்கா ஈரத்தில் நடந்து வந்தாள். ஒவ்வொரு அடிக்கும் தரையில் 'சப் சப்' என்றது. பட்டன் கூரையிலிருந்து கண்ணை இறக்கினார், சுவரோரச் சுவிட்சைப் பார்த்தார், மறுபடி கூரையைப் பார்த்தார். பூனை தலையை ஆட்டினான். வேண்டாம், வேண்டாம் என்று ஆட்டினான். அக்காவுக்கு அது பயமாகவே தெரிந்தது. சின்ன வயதிலிருந்து அவள் பார்த்துப் பழகிய பயம்.

அவள் மைக் கம்பியை நோக்கி வலது கையை நீட்டினாள். பூனை பாய்ந்து அவள் சட்டையின் பின்புறத்தைப் பிடித்து இழுத்தான். தையல் கிழிந்தது. அவன் அப்படி வேகமாக நகர்ந்து அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

"டேய்! என்னடா?"

அவனால் பேச முடியவில்லை. கன்னச் சதை துடித்தது. பல் பல்லோடு இறுகியிருந்தது.

அக்கா திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். மற்ற எல்லோரையும் மறந்துவிட்டவள்போல, பகலில் முன்பின் தெரியாதவர்களுக்குச் செய்வதைச் செய்தாள். அவன் தாடையின் இரு பக்கமும் இரண்டு விரலை வைத்தாள்.

"மூக்கால மூச்சு விடு," என்றாள். "அவசரம் ஒண்ணும் இல்ல. இப்ப ஆ சொல்லு."

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மூத்தவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆ," என்றான் பூனை. தாடை திறந்துகொண்டது. "அக்கா, அதைத் தொடாத. அன்னிக்கு நான் பாடல. உதட்டை வச்சதும் கரன்ட் அடிச்சுது."